சென்னைக்குத் தபால் கொண்டுவந்த விமானத்தின் மறுபக்கம்

சென்ற வாரம் ஃப்ளையிங் கிளப்புகள் முளைத்த கதையைப் பார்த்தோம். 1925இல் டி ஹாவிலண்ட் கம்பெனியின் ‘மாத்’ விமானம் வந்தது. நாலைந்து ஆண்டுக்குள் பம்பாய், டெல்லி, மதராஸ், இந்தப் பக்கம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று வசதியுள்ளவர்கள் எல்லாம் பறக்கப் பழகினார்கள். பம்பாய் கிளப்பில் பழகிய ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரி 10இல் வாங்கிய லைசென்ஸின் எண் 1.

பழைய மாத்தில் ஒரு சங்கடம் இருந்தது. தலைக்கு மேல் கூரை கிடையாது. காற்றும் மழையும் முகத்தில் அறையும். அதற்காகவே வந்தது ‘புஸ் மாத்’. மூடிய அறை, மேலே ஒற்றை இறக்கை, 120 குதிரைத்திறன் எஞ்சின். தோல் குல்லாய் இல்லாமல், கோட்டும் டையுமாக ஏறி உட்காரலாம். நிறுத்தி வைக்க இடமில்லையா, இறக்கையைப் பின்னால் மடித்துக்கொள்ளலாம். பணக்காரர்களுக்கும் கிளப்காரர்களுக்கும் அதன்மேல் ஒரே மோகம்.

1930 அக்டோபரில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு புஸ் மாத் கொந்தளிப்பான காற்றில் சிக்கி நடுவானிலேயே உடைந்து விழுந்தது. அடுத்த மே மாதம் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையில் இன்னொன்று. அதில் செத்தவர் கிளென் கிட்ஸ்டன். 1929இல் இங்கிலாந்தில் ஒரு ஜெர்மன் விமானம் விழுந்து எரிந்தபோது உயிரோடு மீண்ட ஒரே மனிதர் அவர். 1930இல் லெ மான் கார் பந்தயத்தை வென்றவர். இங்கிலாந்திலிருந்து கேப்டவுனுக்கு ஆறரை நாளில் பறந்து சாதனை செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1932 ஜூலையில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இன்னொரு புஸ் மாத் விழுந்து ஒரு எம்.பி.யின் மனைவியும் மூத்த மகனும் விருந்தாளி ஒருவரும் மாண்டார்கள். செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் பைரன் பே அருகே விழுந்த விமானத்தில் பயணியாகப் போனவர், பேர்பெற்ற விமானி லெஸ் ஹோல்டன்.

சரியாக அடுத்த மாதம், 1932 அக்டோபர் 15 அன்று, ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து பம்பாய்க்கு முதல் தபாலைக் கொண்டுவந்தார். அகமதாபாத்தில் அவருக்கான பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. பம்பாயில் மூட்டையை வாங்கிக்கொண்ட விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மறுநாள் சென்னையில் இறங்கினார். இந்திய வான்வழித் தபாலின் பிறந்த நாள் என்று நாம் கொண்டாடுகிற அந்த இரண்டு நாளும் பறந்தது புஸ் மாத்தான். மாட்டு வண்டிப் பெட்ரோலை எல்லாரும் எழுதிவிட்டார்கள். அந்த விமானத்தின் பெயர் அப்போது எத்தனை சாவுச் செய்திகளில் அடிபட்டுக்கொண்டிருந்தது என்பதை யாரும் பக்கத்தில் வைத்து எழுதக் காணோம்.

நடுவானில் உடைந்து நடந்த உயிர்ப்பலி விபத்துகள் மட்டும் ஒன்பது. ஒன்றே ஒன்றென்றால் வானிலைமேல் பழியைப் போடலாம்; விமானி அவசரப்பட்டார் என்றும் சொல்லிவிடலாம். மூன்று கண்டங்களில் ஒரே மாதிரி இறக்கை கழன்றால்? இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தாரும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் பறக்கத் தகுதியானது என்று சான்றிதழ் வாங்கிய விமானம் அது. வேகமாகப் போகும்போது கொந்தளிப்பான காற்று மோதினால், இறக்கையைத் தாங்கும் முன்பக்கக் கம்பி அதிரத் தொடங்கும்; அதனுடன் இறக்கையும் புயலில் வாழையிலை போலப் படபடத்து, முறுக்கிக்கொண்டு பிய்ந்துபோகும். இதுதான் அவர்கள் கண்டது. வைத்தியம் சின்னதுதான். முன்கம்பி அதிராமல் இழுத்துப் பிடிக்க ஒரு குட்டித் தாங்கி வைத்தார்கள்.

இடையில் 1933 ஜனவரி 7இல் பெர்ட் ஹிங்க்ளர் இத்தாலியின் பிராத்தோமாஞ்ஞோ மலையில் புஸ் மாத்தோடு விழுந்தார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலில் தனியாகப் பறந்தவர் அவர். உடல் கிடைத்தது ஏப்ரல் கடைசியில்.

அட்லாண்டிக்கைத் தாண்டிய பெருமையும் இதே விமானத்துக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் இறக்கை ஏன் ஒடிகிறது என்று தெரியும்வரை அதைத் தரையில் நிறுத்தியிருக்க வேண்டும் என்பதே என் கட்சி. சாவு ஒரு பக்கம் நடக்க, டி ஹாவிலண்டின் ஸ்டாக் லேன் ஆலையில் உற்பத்தியும் நடந்தது. கனடாவில் செய்ததையும் சேர்த்து மொத்தம் 280க்கும் மேல்.

டி ஹாவிலண்ட் விமானங்கள் நம் பக்கமும் வந்தன. நம் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935இல் திறந்தது. 1937 ஜூன் 28இல் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் வழியாக இங்கே பயணிகள் சேவையைத் தொடங்கிய வேர்ன்ஸ் கம்பெனியும் டி ஹாவிலண்ட் விமானத்தைத்தான் வாங்கியது. அதற்குள் புஸ் மாத்தின் இடத்தை அதே கம்பெனியின் ‘லெப்பர்ட் மாத்’ பிடித்திருந்தது. 1982இல், முதல் தபாலின் பொன்விழாவுக்காக 78 வயது ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மறுபடி தனியாகப் பறந்து வந்தது அந்த லெப்பர்ட் மாத்தில்தான்.