பிறந்த வீட்டுக் கோடி

மதுரை விளக்குத்தூணைச் சுற்றியுள்ள ஜவுளிக்கடைகளில், முகூர்த்த மாதங்களில் தாய்மாமன்களைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளலாம். தங்கை மகள் சடங்குக்குச் சேலை எடுக்க மனைவியோடும் அம்மாவோடும் வந்திருப்பார்கள். "சபையில வைக்கிற சேலைங்க, நல்லா எடுப்பா காட்டுங்க" என்பார்கள். நாலு பேர் பார்க்க, தாம்பாளத்தில் ஏறி இன்னொரு வீட்டு வாசலில் இறங்கப்போகிற துணி அது. கடைக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தத் துணி போகும் திசை ஒன்றுதான்: பெண் பிறந்த வீட்டிலிருந்து அவள் வாழப்போன வீட்டுக்கு. குழந்தைக்குக் காது குத்தும்போது மாமன் மடியில் உட்காரவைத்து, மாமன் கொண்டுவந்த புதுத்துணியைத்தான் போட்டுவிடுவார்கள். பெண் பெரியவளானால் தென்னங்கீற்றில் குச்சு கட்டுவது மாமன் வேலை. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் மாமன் சீராக வந்த சேலையைக் கட்டிக்கொண்டு அவள் சபைக்கு வருவாள். கல்யாணத்திலும் தலைத் தீபாவளியிலும் தலைப்பொங்கலிலும் அதே திசையில் துணி வரும்.

சாவிலும் வரும். கணவன் இறந்தால் பெண்ணின் அண்ணன் தம்பிகள்தான் கோடித்துணி போடுவார்கள். கருமாதியன்று மகன் தலையில் உருமால் கட்ட மாமன் மச்சான் வகையறா வந்து நிற்கும். கடைசியில் அவளே கண்மூடும்போது, எத்தனை வயதானாலும் பேரன் பேத்தி எடுத்திருந்தாலும், பிறந்த வீட்டுக் கோடி வந்து சேராமல் தேர் கிளம்பாது. அண்ணன் முன்பே போய்விட்டாரா? அண்ணன் மகன் கொண்டுவருவான். துணி கிழிந்துபோகும், கொண்டுவந்தவரும் போய்விடுவார், அது வரும் வழி மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச்சேரும்.

இந்த வழியின் பொருளைத் தேடி வந்தவர் மானிடவியலாளர் லூயி துய்மோன். பிரான்சில் மார்செல் மோஸின் மாணவர். 1949-இல் தமிழ்நாட்டுக்கு வந்து, மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆய்வு செய்தார். குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டு அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தச் சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்ததற்காகப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட மண் அது. அரசு அவர்களை ஒவ்வொரு கட்டைவிரலாகப் பிரித்துக் குறித்துவைத்திருந்தது. துய்மோன் யார் யாருக்கு என்ன முறை, எந்த விசேஷத்துக்கு யார் என்ன கொண்டுவருகிறார் என்று உறவோடு சேர்த்துக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகளிலிருந்து அவர் எழுதிய நூல் 1957-இல் பாரிஸில் வெளியானது. 1986-இல் ஆங்கிலத்தில் வந்தது.

அவருக்கு முன், தாய்மாமன் பாசத்துக்கு மானிடவியலில் ஒரு விளக்கம் இருந்தது. தென்னாப்பிரிக்கச் சமூகங்களை வைத்து 1924-இல் ராட்கிளிஃப்-பிரவுன் சொன்னது அது: தாயிடம் உள்ள அன்பு அவள் உடன்பிறந்தவனிடமும் நீள்கிறது. தமிழ் உறவுமுறையை வைத்து துய்மோன் 1953-இலேயே இதை மறுத்தார். பிள்ளைக்கு மாமன் ஆவதற்கு முன்பே அவர் அப்பாவுக்கு மச்சான். இரண்டு வீட்டுக்கும் இடையே கல்யாணத்தால் உண்டான சம்பந்தம் மகனுக்கும் மகளுக்கும் சொத்துப்போல இறங்குகிறது. நம்மிடம் பங்காளி உறவு மட்டுமல்ல, சம்பந்த உறவும் பரம்பரையானது. காதுகுத்தில் வரும் சட்டையும் கருமாதியில் வரும் உருமாலும், என்றோ நடந்த ஒரு கல்யாணம் இன்னும் முடியவில்லை என்று சபையறியச் சொல்பவை.

கூடப்பிறந்த அண்ணன் தம்பி இல்லாத பெண்ணுக்கு யார் கொண்டுவருவார்? அவளுடைய பெரியப்பா மகனும் சித்தி மகனும் அவளுக்கு அண்ணன் தம்பிதான். அவள் பிள்ளைகளுக்கு மாமன்தான். பலரை ஒரே முறையில் வைத்து அழைக்கும் இந்த ஏற்பாட்டைத் தமிழிலும் அமெரிக்கப் பூர்வகுடிகளான செனக்காக்களிடமும் ஒன்றுபோலக் கண்டு வியந்து, லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இலேயே பெரிய நூல் எழுதினார். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். கூடப்பிறந்த மாமன் இல்லாத வீடுகள் பெருகும் காலத்திலும் மாமன் இடம் காலியாக இருப்பதில்லை.

மதுரையின் மிகப் பெரிய திருவிழாவுக்கும் மக்கள் சொல்லும் கதை இதுவே. தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குச் சீரோடு புறப்படுகிறார் அழகர், தாமதமாகிறது, தாலி கட்டி முடிந்துவிட்டது என்று அறிந்து கோபித்துக்கொண்டு, ஊருக்குள் வராமல் வண்டியூருக்குப் போய்விடுகிறார். கோயில் முறையில் தாரை வார்த்துக் கொடுப்பவர் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். ஆனாலும் அண்ணன் வருவதைப் பார்க்கத்தான் சனம் வைகைக்கரையில் விடியவிடியக் காத்துக்கிடக்கிறது. அங்கேயும் பேச்சு துணியைப் பற்றித்தான்: அழகர் பச்சைப்பட்டு உடுத்தி வந்தால் நாடு செழிக்கும் என்று நம்புகிறார்கள்.

இத்தனை பெருமையும் உண்மை. ஆனால், துணி போகும் அதே பாதையில் எதிர்த்திசையில் ஒரு காகிதமும் வருகிறது. அப்பா இறந்த பிறகு, சகோதரிகள் பத்திர ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடும் விடுதலைப் பத்திரம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கைத் தமிழ்நாடு 1989-லேயே சட்டமாக்கியது. அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. ஆனாலும் பங்கு கேட்க நினைக்கும் பெண்ணைத் தடுக்கும் வாசகம் ஒன்று ஊரெங்கும் உண்டு: "கேட்டா பொறந்த வீடு இல்லாமப் போயிரும்." நாளைக்குப் பிள்ளை சடங்குக்கு யார் வருவார், தன் சாவுக்கு யார் கோடி கொண்டுவருவார் என்ற பயத்தில் அவள் கையெழுத்துப் போடுகிறாள். ஒரு காணி நிலம் சில சேலைகளுக்கு ஈடாகிவிடுகிறது.

பெண் வீட்டார் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய இந்தப் பாதையில் வரதட்சணையும் சேர்ந்துகொண்டபோது நேர்ந்ததை நாம் மறக்கக்கூடாது. 1980-களில் உசிலம்பட்டிப் பகுதியின் பெயர் நாடெங்கும் தெரிந்தது பெண்சிசுக் கொலைச் செய்திகளால். ஒரு மகள் பிறந்தால் காலமெல்லாம் செய்முறை என்ற கணக்கும் அந்தக் கொடுமைக்குப் பின்னால் இருந்தது.

அதனால் கோடியை நிறுத்திவிடலாமா? வேண்டாம் என்பேன். கல்யாணம் கட்டிக்கொடுத்ததோடு மகள் அந்நியமாகிவிடுவதில்லை என்று, அவள் சாகும் நாள்வரை ஊரறியச் சொல்லும் வழக்கம் இது. துய்மோன் கண்டது சரியென்றால், இந்தத் துணி வருவது சம்பந்தத்துக்காக. அதற்கு நிலத்தை விலையாக வாங்க வேண்டியதில்லை. லாரியில் சீர் கொண்டுபோய் வாணம் விடும் அண்ணன்மார்கள், கடன் வாங்கிக் கூட்டும் தாம்பாளத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளட்டும். தங்கையின் பங்கை அவள் பெயருக்கு எழுதிக் கொடுக்கட்டும். அதற்குப் பிறகும் ஒரு எளிய நூல்சேலையோடு அவள் வாசலுக்குப் போகட்டும். மாமன் சீர் என்று தலைநிமிர்ந்து சொல்லும் தகுதி அந்தச் சேலைக்குத்தான் உண்டு.