ராமானுஜனின் ஜ்வரமும் ஒரு கடிதத்தின் கணக்கும்

1918-இல் கணித அறிஞர் ஹார்டி எழுதிய கடிதமொன்றில் கணித மேதை ராமானுஜனின் வியாதியைப் பற்றி வரும் சில வரிகளை, அம்மேதை விதியை நம்பித் தம் உடம்பைப் பேணாதுவிட்டார் என்பதற்குச் சாட்சியமாகவே ஆராய்ச்சியாளர் பலர் எடுத்தாண்டிருக்கின்றனர். இந்தியர் எல்லோரையும்போல் அவரும் விதிவாதி என்று அதில் ஒரு வாக்கியம் இருப்பது மெய்யே. ஆயினும் அதற்கு முன்னே நிற்கும் மற்றொரு செய்தி, என் அபிப்பிராயத்தில், அதனினும் கனமானது.

நோயாளிக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு முன் ரண சிகிச்சை நடந்திருந்தது என்னும், பிற வைத்தியர் அறியாத சங்கதியை லண்டன் வைத்தியர் பாட்டி ஷா கண்டறிந்தார் என்றும், அன்று அகற்றப்பட்டது புற்றாக இருக்கலாமென ஐயுற்றுப் பின்பு அவ்வெண்ணத்தைக் கைவிட்டார் என்றும் ஹார்டி தெரிவிக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் என்றால் 1914. ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஆண்டு அது. விரைவீக்கத்துக்காக அவருக்குச் சிகிச்சை நடந்ததோ 1909-10ஐ ஒட்டி, எட்டு ஆண்டுகளுக்குக் குறையாத முற்காலத்தில். இவ்வேறுபாடு அற்பமன்று, புற்றைப் பற்றிய சந்தேகத்திற்கு நான்கு ஆண்டு கொடுக்கும் வலிமையை எட்டு ஆண்டு கொடாது. ஹார்டி வைத்தியரல்லர், பிழை அவருடைய ஞாபகத்தினது எனலாம்; அதனால் என் வாதம் குன்றாது. பிழை எவருடையதாயினும், 1917 முதல் நோயில் கிடந்த ஒருவரின் பூர்வ வியாதிகளைத் தேதியோடு குறித்த தாள் எதுவும் அவர் படுக்கையருகே இருந்ததாகத் தோன்றவில்லை.

இரைப்பைப் புண் என்றார்கள், க்ஷயம் என்றார்கள், ரத்தம் விஷப்பட்டது என்ற அனுமானமும் எழுந்தது. இரவில் ஏறும் காய்ச்சலும் வயிற்று வலியும் உடல் மெலிவும் தொடர்ந்தன. 1906-இல் அவரை வாட்டிய சீதபேதியின் அமீபா கல்லீரலில் தங்கியிருக்கலாம் என்ற பிற்கால ஊகத்தை நான் நிரூபணமாகக் கொள்ளவில்லை, இடைவெளி நீண்டது. ஆனால் பேதி தணிந்து மாதங்களோ, சில வேளை ஆண்டுகளோ கழித்துக் கல்லீரலில் சீழ் கட்டுவதுண்டு. அந்நோய்க்கு எமிட்டீன் என்னும் மருந்தின் பயனை 1912-இலேயே கல்கத்தாவில் லியனார்டு ராஜர்ஸ் காட்டிவிட்டார். முன்பு சீதபேதி வந்ததுண்டா என்பது, கேட்டிருந்தால் பயன்பட்டிருக்கக்கூடிய கேள்வி.

1919-இல் அவர் திரும்பிச் சென்னை லஸ் சர்ச் ரோட்டில் தங்கியபோது இங்குள்ள வைத்தியரும் க்ஷயம் என்றே கண்டனரே என்பது ஆட்சேபம். சீதபேதி பழகிய நகரம் இது என்பதால் ஆட்சேபம் வலியதே. எனினும் இங்கிலாந்தின் சானடோரியங்கள் ஒட்டிய பெயர் நோயாளிக்கு முன்பே கரை இறங்கியிருக்கும் என்றே நான் கருதுகிறேன். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாம் வயதில், அப்பெயரோடேயே அவர் மறைந்தார்.

லஸ்ஸுக்குத் தெற்கே ஆற்றைக் கடந்தால் அடையாறு. இன்று அங்கே ஸ்கேன் வசதியுள்ள எந்தச் சிகிச்சை நிலையத்திலும் கல்லீரலை ஸ்கேனில் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். ஆனால் எங்கே பார்ப்பது என்பதை நோயாளியின் பூர்வ கதையே சொல்லவேண்டியிருக்கிறது. காரணம் புலப்படாத காய்ச்சலுக்குப் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் இருவரும் 1961-இல் வகுத்த மூன்று வார எல்லை ஆராய்ச்சிக்கு உரியது. நோயாளி அதுவரை காத்திருத்தல் ஆகாது. முயலாமலே உடல் இளைத்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, வலப்பக்க விலாவின்கீழ் வலி நிலைத்தாலோ, காய்ச்சல் நாள்தோறும் திரும்பினாலோ உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். செல்லும்போது பழைய நோய்களையும் சிகிச்சைகளையும் ஆண்டோடு எழுதிக் கொண்டுபோக வேண்டும். ராமானுஜனுக்கு அத்தாளில் இரண்டு வரிகள் போதுமாயிருந்திருக்கும்: 1906, சீதபேதி; 1909-10, விரைவீக்கத்துக்கு ரண சிகிச்சை.