மன்னிப்பு கேக்க ஆளு வரலியே

எங்க அம்மிச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜெபமெல்லாம் மனப்பாடம். பரலோக மந்திரத்தில் மன்னிப்பு வருகிற இடத்தில் மட்டும் அவள் குரல் தாழ்ந்துபோகும். ஏன் என்று சின்ன வயசில் எனக்குப் புரியவில்லை.

அப்புச்சி செத்தபோது கோயில் தூம்பாவை எங்க வளவுக்கு அனுப்பவில்லை. அது சாதிக்காரங்களுக்கு மட்டும். மூங்கில் பாடை கட்டி, ஊருக்குள் போகாமல் வண்டித்தடத்தைச் சுத்தி எடுத்துப்போனோம். அடுத்த ஞாயிறு பூசையில் சாமியார் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். சிலுவையில் தொங்கிக்கொண்டே மன்னித்தவரைப் பாருங்கள், மனசில் வன்மம் வைக்காதீர்கள் என்றார். பேசினது பொதுவாகத்தான். கண்ணு மட்டும் எங்க பக்கமே இருந்தது. திரும்பி வரும்போது, "அவங்களையெல்லாம் மன்னிச்சுட்டியா அம்மிச்சி?" என்று கேட்டேன்.

"மன்னிக்கறதுக்கு ஆளு வந்து கேக்கோணுமில்ல கண்ணு. யாரும் வரலியே" என்றாள்.

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நம்ம வேதம் வந்த வரலாற்றைப் புரட்டிப் பார்க்கிறேன்.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, சந்நியாசிக் கோலத்தில் உயர்சாதிக்காரர்களுக்கு வேதம் சொன்னார். 1623இல் சேந்தமங்கலம், சேலம் பக்கமும் வந்தார். சந்நியாசி பறையரோடு புழங்கினால் மேல்சாதி விலகிப்போகும் என்று பயம். அதனால் 1640 முதல் பல்தசார் தா கோஸ்தாவைத் தொடர்ந்து பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகைக் குருக்கள் வந்தார்கள். ஒரே வேதத்துக்கு ரெண்டு வகைக் குருமார்.

போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704இல் ஓர் ஆணை போட்டார். நோயில் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் கொடுக்க மறுக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. இப்படி ஆணை போட வேண்டியிருந்ததென்றால் நடந்துகொண்டிருந்தது என்ன? சாகக் கிடக்கிறவனுக்குக் கொடுப்பது பாவசங்கீர்த்தனமும் அவஸ்தைப்பூசுதலும். அதாவது மன்னிப்பு. அந்த மன்னிப்பே நம்ம வாசப்படியைத் தாண்டி உள்ளே வர மாட்டேனென்றது! இதன்மேல் நாற்பது வருசம் வழக்காடினார்கள். 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் தீர்ப்புச் சொன்னபோது, பறையருக்கென்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குச் சம்மதம் கிடைத்தது. அன்புக்குக் குறை வராமலும் சாதிக்குக் குறை வராமலும் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தீர்ப்பின்படி நடப்பேன் என்று இங்கே வரும் குருக்கள் சத்தியம் செய்யவேண்டும். அந்தச் சத்தியத்தை 1940இல்தான் எடுத்தார்கள்.

இந்தச் சத்தியம் ஒருத்தர் மனசை அரித்தது. அவர் நம்ம கோயம்புத்தூர் ஆயர், மரியோன் பிரெசியாக். பிரான்சில் பிறந்தவர். 1842இல் இந்தியாவுக்கு வந்து, 1846இல் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றார். சடங்குகளிலும் சாதி வழக்கங்களிலும் எதை அனுமதிப்பது, எதை விலக்குவது என்று குருக்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. போப்பின் தீர்ப்பு ஒன்று சொல்ல, நடைமுறை வேறாக இருந்தது. இதற்குத் தலைமை தாங்க என் மனச்சாட்சி இடம் தரவில்லை என்று ரோமுக்குப் போனார். 1855இல் அவருடைய ராஜினாமா ஏற்கப்பட்டது. மறுவருசம் லியோனில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859இல் ஃப்ரீடவுனில் மஞ்சள் காய்ச்சலில் செத்துப்போனார். அவர் நம்ம சனத்துக்காகப் போராடினார் என்று நான் சொல்ல வரவில்லை. மனச்சாட்சி உறுத்தி, பதவியைக் கீழே வைத்துவிட்டுப் போனார். உறுத்தலோடு அவர் போய்விட்டார். உறுத்தல் இல்லாதவர்களோடு நாம் இங்கேயே இருந்தோம்.

சரி, கத்தோலிக்கத்தில்தான் இப்படி, சீர்திருத்த சபைகளில் எப்படி? கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி கூடாது, அடியோடு விட்டுவிடுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர் சாதிக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள், சாதியை விட்டதற்கு அடையாளமாக எந்தச் சாதிக்காரர் சமைத்ததையும் சாப்பிடவேண்டும், அப்படிச் செய்யாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்று முடிவெடுத்தார்கள். அந்த மாதிரிச் சாப்பாட்டுக்கு அன்பின் விருந்து என்று பேர். எவ்வளவு அழகான பேரு! ஆனால் நம்ம கைச்சோறு என்றதும் பலருக்கு அன்பு தொண்டையில் இறங்கவில்லை. சாதியை விடாமலே இருக்க இடம் தந்த லைப்சிக் லுத்தரன் சபைக்குப் பலர் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வாய்ச் சோற்றில் முடிந்திருக்கவேண்டிய மனந்திரும்புதல் அது.

கோயம்புத்தூரில் லண்டன் மிஷன் 1830இல் வந்தது. பிறகு ஈரோட்டுப் பக்கம், இன்றைக்கும் பிரப் ரோடு என்று சனங்கள் பேர் சொல்கிற அந்தப் பிரப் துரை காலத்தில், நம்ம சனம் கூட்டங்கூட்டமாகச் சபைக்கு வந்தது. பண்ணாடி முன்னால் குனிஞ்ச முதுகு, ஒரு இடத்திலாவது நிமிரட்டும் என்றுதான் வந்தார்கள்.

வந்ததற்கு அரசாங்கமும் தண்டனை வைத்தது. 1950ஆம் வருச ஜனாதிபதி ஆணை, கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி இல்லை என்றது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவைத் திறந்தார்கள். நமக்குத் திறக்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, மற்றவர்களுக்குக் கொடுத்த பங்க் எனக்கு ஏன் இல்லை என்று உச்சநீதிமன்றம் வரை போனார். 1985இல் அவர் வழக்கு தள்ளுபடி ஆனது. சபைக்குள் பறையன், சர்க்காருக்குக் கிறிஸ்தவன். யாரை மன்னிக்கிறது, எத்தனை பேரை மன்னிக்கிறது?

அதே 1985இல் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின இறையியலாளர்கள் கைரோஸ் ஆவணம் வெளியிட்டார்கள். அநீதி செய்தவன் மனந்திரும்பாமல், அநீதியும் அப்படியே இருக்க, சமரசம் மன்னிப்பு என்று சபை பேசுவது கிறிஸ்தவமே ஆகாது என்று சொன்னார்கள். படித்தபோது அம்மிச்சி பேசுகிற மாதிரி இருந்தது.

பைபிளை எடுத்துப் பாருங்கள். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், காணிக்கையைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகச் சொல்வது யாரிடம்? தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தவனிடம். நடக்கவேண்டியது அவன் கால். லூக்காவில் சகேயு வாயால் மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். இந்த அதிகாரங்களை வைத்து, நம்ம பக்கம் திரும்பாமல் முன்பெஞ்சைப் பார்த்து வைத்த பிரசங்கத்தை நான் கேட்டதில்லை.

ஒன்றும் அசையவில்லை என்று சொன்னால் பொய். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தை வாய்விட்டுச் சொல்வது ஒரு படி. அதற்கப்புறம் பரிகாரம் என்று ஒன்று இருக்கிறது. கல்லறையில், பங்குப் பேரவையில், பள்ளிக்கூட வேலையில், தூம்பாவில் அது தெரியவேண்டும்.

வன்மத்தை விடுங்கள் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வன்மத்தை விடுவது வேற, மன்னிப்பது வேற. முதலாவது நம்ம ஒருத்தர் கையில் இருக்கிறது. அதை நம்ம சனம் ரொம்ப நாளாகச் செய்துகொண்டுதான் இருக்கிறது. 2019 டிசம்பர் 2ஆம் தேதி, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் சுற்றுச்சுவர் இடிந்து வீடுகள்மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் நம்ம சனம். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் அந்தத் துக்கத்திலும் அவங்க கண்களைத் தானம் செய்தார். அந்தக் கண்ணு எந்தச் சாதிக்காரனுக்குப் போகுமென்று அவர் கேட்கவில்லை. இதைவிடப் பெரிய அன்பை எந்தப் பிரசங்கம் சொல்லித் தரப்போகிறது?

மன்னிப்பு ரெண்டு பேர் சேர்ந்து செய்கிற காரியம். தப்புச் செய்தவன் வரவேண்டும், சொல்லவேண்டும், எடுத்ததைத் திருப்பித் தரவேண்டும்.

அம்மிச்சி வன்மத்தோடு சாகவில்லை. தூம்பா தராதவங்க வீட்டில் சாவு விழுந்தாலும் வாசலுக்கு வெளியே நின்று முதலில் அழுதவள் அவள்தான். கடைசி நாட்களில் பாயில் படுத்தபடி ஜெபம் சொல்வாள். அப்போதும் அந்த இடத்தில் குரல் தாழ்ந்தது. யாராவது வருகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டாளோ என்னமோ. கதவு மட்டும் தாழ் போடாமல் இருந்தது.