மானிப்பாயில் தமிழ் பேசிய மருத்துவம்

வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா, கூடாதா? கேள்வி சிறிது. விடை தவறினால் போவதோ உயிர்!

"தண்ணி குடுத்தா இன்னும் போகுங் கண்ணு" என்றார் குண்டடத்து அம்மிச்சி ஒருவர், மடியிலே வாடிக் கிடந்த பேரனைத் தடவியபடி. எதிரே நின்றவள் செவிலியர் கல்லூரி மாணவி. என்னிடம் பள்ளியிலே பயின்றவள். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தாள். 'டிஹைட்ரேஷன்' என்ற தலைப்பிலே இரண்டு பக்கம் தங்கு தடையின்றி ஒப்பிப்பாள். ஆனால், அந்த மூதாட்டிக்கு விளங்க ஒரு வாக்கியம் சொல்ல நா எழவில்லை! நல்லவேளையாக உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்று கிடைத்தது, குழந்தை பிழைத்தான். அன்று மாலை, தலை கவிழ்ந்திருந்த அப்பெண்ணுக்கு நான் எடுத்துரைத்த வரலாறு இது.

1847-ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் எனும் இளம் மருத்துவர். அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தவர், வயது இருபத்தைந்து. வந்த நோக்கம் மதம் பரப்புதல், மறைக்க வேண்டுவதில்லை. அவர் கொணர்ந்த மதத்தை அங்கேயே வைத்துவிட்டு, அவர் கொணர்ந்த மருத்துவத்தை மட்டும் நாம் பார்ப்போம்.

அடுத்த ஆண்டே மாணாக்கரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் மானிப்பாயிலே நிலைகொண்டார். முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான். கண்டது என்ன? ஆங்கிலத்தில் தேர்ந்தவர் அரசுப் பணி தேடிப் போயினர். சிற்றூர் மக்கள் பழையபடி மந்திரித்துக் கொண்டிருந்தனர்! சிந்தித்தார் கிறீன். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். தமிழில் படித்தவன் தமிழரிடையே வாழ்வான், தமிழர்க்குப் புரியப் பேசுவான் என்பது அவர் கணக்கு. அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

நூல்? இல்லை. எனவே ஆக்கினார்! பிரசவ வைத்தியம் 1857-இல் வெளிவந்தது. இரண வைத்தியம் 1867-இல். கிரேயின் புகழ்பெற்ற உடற்கூறு நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-இல் தமிழ் பேசிற்று. அதே ஆண்டு வந்தது 'வைத்தியாகரம்'; நோய்களையும் அவற்றுக்குரிய மருத்துவத்தையும் விரித்துரைக்கும் பெருநூல். 1875-இல் 'கெமிஸ்தம்'. மொத்தம் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். இதிலே தோள் கொடுத்தவர்கள் அவரிடம் பயின்ற தமிழ் மாணாக்கர். பெயர்களிலே வடமொழி வாடை வீசுகிறதே என்று முகம் சுளிப்போர் உண்டு, நானும் சுளித்தவன்தான். இன்று நமக்கு உடற்கூறு, உடலியங்கியல் என்னும் சொற்கள் உள; அன்று அவருக்கு இருந்தவை அவை.

"அந்த நூலில் வாந்திபேதிக்கு என்ன மருந்து எழுதியிருப்பார், ஐயா?" என்றாள் மாணவி. நல்ல கேள்வி! அந்நாளைய மேலை மருத்துவம் காலராவுக்குப் பாதரச உப்பும் அபினும் கொடுத்துக் கொண்டிருந்தது. கிருமி இன்னதென்று ராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதிசெய்தது 1884-இல். கிறீன் மறைந்த ஆண்டும் அதுவே. அறியாமை அவர்க்கும் இருந்தது. ஆயினும் ஏட்டில் ஏறிய பிழையைப் பின்வருவோர் திருத்தலாம். மாரியின் சினம் என்றால் எப்படித் திருத்துவது? நம் கோவையிலே பிளேக் நோய் பரவிய காலத்தில் எழுந்தவள் பிளேக் மாரியம்மன். நோயின் ஆங்கிலப் பெயர் கோயிலுக்குள் நுழைந்துவிட்டது. எலியும் தெள்ளுப்பூச்சியும் பற்றிய அறிவு வாயிலிலேயே நின்றுவிட்டது!

காலரா எப்படிக் கொல்கிறது? கிருமி குடலைத் தின்பதில்லை, துளைப்பதில்லை. அது கக்கும் நஞ்சு சிறுகுடற் சுவரிலுள்ள மடையைத் திறந்துவிடுகிறது. உப்பும் நீரும் கொட்டுகின்றன. கண் குழிகிறது, தோல் சுருங்குகிறது, நாடி தளர்கிறது, சிறுநீர் நிற்கிறது. நோயாளி சாவது நீர் வற்றி! அந்நஞ்சு உண்டென 1959-இல் மெய்ப்பித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. 1832-லேயே ஸ்காட்லாந்தின் தாமஸ் லாட்டா உப்பு நீரை இரத்தக்குழாயில் செலுத்திச் சிலரைப் பிழைக்க வைத்தார். உலகம் அதை மறந்தது.

குடலுக்கு ஓர் இயல்பு. சர்க்கரை உள்ளே செல்லும்போது உப்பையும் கைப்பிடித்து இழுத்துச் செல்லும். உப்பின் பின்னே நீர் போகும். நஞ்சு திறந்த மடையால் இந்த வழி அடைபடுவதில்லை. 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் காலரா தாண்டவமாடிற்று. ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்தது. திலீப் மகலனாபிஸ் அஞ்சவில்லை. உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை நோயாளியின் உற்றாரிடமே கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. புகட்டியவர் பெரும்பாலும் தாய்மார். அவர்கள் கற்ற மருத்துவக் கல்லூரி எது?

2023-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் மருத்துவ நூல்கள் சிலவற்றைத் தமிழில் வெளியிட்டது. மகிழ்கிறோம். 'மனுஷ அங்காதிபாதம்' வந்து நூற்றைம்பது ஆண்டு கழிந்துவிட்டதே என்று நெஞ்சு குமுறவும் செய்கிறது. செவிலியர் பட்டப் படிப்பின் தேர்வு இன்றும் ஆங்கிலத்தில்தான். எழுதட்டும், தடையில்லை. ஆனால், நோயாளியின் படுக்கையருகே நிற்கும்போது அவள் பேச வேண்டிய மொழி எது?

மறுநாள் காலை அவ்வழியே பள்ளிக்குச் சென்றேன். அம்மிச்சியின் திண்ணையிலே பெண்கள் நால்வர். கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர்; அதிலே தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை; உப்பு அரைத் தேக்கரண்டி. அளந்து காட்டிக்கொண்டிருந்தாள் மாணவி. "உள்ள இருக்கற தண்ணி அத்தனையும் வெளிய போகுதுங்க அம்மிச்சி. போறதத் திருப்பி ஊத்தோணும்" என்றாள்.

"அப்படிச் சொன்னாப் புரியுது" என்றார் மூதாட்டி.