வெண்குஷ்டம்: ஒரு பிழையான சொல்லின் வரலாறு

நான் சிறுவனாக இருந்த காலத்தில் கல்முனையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருந்தார். எந்தக் கோடையிலும் மணிக்கட்டு வரை நீண்ட கையுள்ள சட்டையே அணிவார். அவருடைய விரல் நுனிகளிலும் உதட்டோரத்திலும் பால் தெளித்தாற்போல் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. கல்யாண வீடுகளில் அவரோடு ஒரே சஹனில் உட்கார எவரும் விரும்பமாட்டார்கள். பெரியவர்கள் தணிந்த குரலில் சொன்ன சொல் 'வெண்குஷ்டம்'. அதைத் தொடர்ந்து 'மாந்தீவு' என்ற பெயரும் வரும். சிறுவர்களாகிய நாங்கள் அந்த இரண்டையும் சேர்த்தே மனத்தில் பதித்துக்கொண்டோம்.

மாந்தீவு மட்டக்களப்பு வாவியிலுள்ள சிறு தீவு. தொழுநோயாளருக்கான வைத்தியசாலை அங்கே அமைக்கப்பட்டது. பிரித்தானியர் ஆட்சியில் 1901இல் இயற்றப்பட்ட தொழுநோயாளர் சட்டம், நோயாளரைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்க வழிசெய்தது. இந்த வழக்கம் அதற்கும் பழையது. கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இலேயே தொழுநோய் வைத்தியசாலையொன்றை நிறுவியிருந்தனர். ஆகவே எங்கள் கரையோர மக்களின் அச்சம் காரணமில்லாத ஒன்றன்று. அது சம்பந்தமேயில்லாத ஒருவர்மீது விழுந்ததுதான் துயரம்.

மாமிக்கு இருந்தது தொழுநோய் அன்று என்பதைப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே அறிந்தேன். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. அதன் வெளிறிய திட்டில் உணர்ச்சி குன்றிவிடும். மாமியின் திட்டுகளோ சுண்ணாம்பாக வெளுத்தவை. அவற்றில் உணர்ச்சி குறையவில்லை. அது எவருக்கும் தொற்றாது. உடலின் நோயெதிர்ப்புக் கலங்களே, தோலுக்கு நிறம் தரும் கலங்களைப் பகையென எண்ணித் தாக்கும் ஓர் அழற்சி நோய் அது. சிவப்போ வீக்கமோ பொதுவாகத் தென்படாத, ஓசையில்லாத அழற்சி. உலக மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு. வெள்ளைத் தோலில் சட்டெனப் புலப்படாத இந்நோய், நம் தோலில் பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது.

இவ்விரு நோய்களையும் ஒன்றாக்கியது நம் சொல்தான். ஆயுர்வேதத்தில் குஷ்டம் என்பது தோல் நோய்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயர். பிற்காலப் பேச்சு வழக்கில் அது தொழுநோயை மட்டும் குறிக்கலாயிற்று. 'வெண்' என்ற அடைமொழி சேர்ந்தும் பழி நீங்கவில்லை. அரபு மொழியில் இந்தக் குழப்பம் இல்லை. தொழுநோய் 'ஜுதாம்', தோல் வெளுப்பது 'பரஸ்'. இப்னு சீனா இரண்டையும் வெவ்வேறாகவே எழுதினார். திருக்குர்ஆனில் ஆல இம்றான், அல் மாயிதா ஆகிய அத்தியாயங்களில் ஈஸா நபி குணப்படுத்தியோரைப் பற்றிய இடத்தில் வருவது 'பரஸ்' என்பதன் வழிவந்த சொல்லே. தமிழ் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அது 'வெண்குஷ்டம்' ஆகிவிட்டது. அரபியில் பிரிந்திருந்த இரண்டு நோய்கள், தமிழுக்கு வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

சொல்லில் பிழைத்த நம்மவர், மருந்தில் அவ்வளவாகப் பிழைக்கவில்லை. தோலின் வெண்திட்டைப் போக்குமாறு கருநிற மூலிகையை வேண்டும் மந்திரம் அதர்வ வேதத்தில் உண்டு. நம் பரிசாரிமார் கையாண்ட கார்போகரிசி, ஆயுர்வேதம் இந்நோய்க்கென நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் விதை. மேற்கே, ஸ்பெயினின் மலாகாவில் பிறந்து 1248இல் டமஸ்கஸில் மறைந்த இப்னு அல் பைத்தார், வேறொரு செடியின் விதையை உட்கொண்டு வெயிலில் நிற்கும் வைத்திய முறையைப் பதிவு செய்தார். விதையும் வெயிலும் சேர்ந்தால்தான் பலன் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இருபதாம் நூற்றாண்டு அந்த அனுபவத்தின் காரணத்தைக் கண்டது. 1933இல் இந்திய இரசாயன அறிஞர்கள் கார்போகரிசியிலிருந்து சொராலன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். 1940களின் இறுதியில் கெய்ரோவில் அப்துல் முனீம் எல் முஃப்தி என்ற வைத்தியர், இப்னு அல் பைத்தார் குறிப்பிட்ட இனச் செடியிலிருந்து கிடைத்த அதே வகைப் பொருளைத் தம் நோயாளருக்குக் கொடுத்து, வெயில் படச்செய்து பயன் கண்டார். 1974இல் அமெரிக்காவின் ஹாவார்ட் வைத்தியர்கள் வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதா விளக்கைப் பயன்படுத்தி, அதே மருந்தைச் சொரியாசிஸ் நோய்க்கும் உரியதாக்கினர். அக்குழுவில் மதுக்கர் பதக் என்ற இந்தியரும் இருந்தார்.

இங்கேதான் வரலாறு ஒரு வேடிக்கை செய்தது. யாருக்கு எவ்வளவு கதிர் கொடுப்பது என்பதை முடிவுசெய்ய, அதே குழுவைச் சேர்ந்த தோமஸ் ஃபிற்ஸ்பட்ரிக் 1975இல் தோலை வகைப்படுத்தும் அளவுகோல் ஒன்றை வகுத்தார். அதில் முதலில் இருந்தவை நான்கு வகைகள். நான்கும் வெள்ளைத் தோலுக்குரியவை. மாநிறமும் கறுப்பும் பின்னரே ஐந்தாவது, ஆறாவது வகைகளாகச் சேர்ந்தன. மாநிறத் தோலில் பிறந்த மருத்துவத்தை அளக்கும் கோலில், மாநிறத் தோலுக்கு முதலில் இடமிருக்கவில்லை.

அதன் பிறகும் முன்னேற்றங்கள் நிற்கவில்லை. 1997இல் நெதர்லாந்து வைத்தியர்கள், சொராலன் இல்லாமலே குறுகிய அலைவரிசைப் புற ஊதாக் கதிர் பயன் தரும் என்று காட்டினர். 2022 ஜூலையில் ருக்சோலிட்டினிப் என்ற களிம்புக்கு அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. நிறக் கலங்களைத் தாக்கும்படி நோயெதிர்ப்புக் கலங்களை ஏவும் சமிக்ஞையை அது தடுக்கிறது. பரிசோதனைகளில், ஆறு மாதத்தில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு முகத்தின் வெண்திட்டில் முக்காற்பங்கோ அதற்கு மேலோ நிறம் திரும்பியது. பெரிய வெற்றிதான். எனினும் அப்பரிசோதனைகளில் பங்கேற்றோரில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையினத்தவர். இந்நோய் எவர் தோலில் அதிகம் உறுத்துகிறதோ, அவர்கள் இம்முறையும் சிறுபான்மையினரே.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய வைத்தியம் என்பதற்காகக் கார்போகரிசியைத் தாமாக அரைத்துப் பூசி வெயிலில் நிற்பவர்கள் தோல் கொப்புளித்து அவதிப்படுவதுண்டு. அளவு தெரியாத மருந்து நெருப்புக்குச் சமம்.

சொல்லின் பிழைக்கு இன்னொரு விலையும் உண்டு. தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை 1983இல் இலங்கையில் தொடங்கியது. ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்தில் குணமாகிறது, மருந்து இலவசம். 1995இல் நோயின் அளவு பத்தாயிரத்துக்கு ஒருவர் என்பதற்கும் கீழே இறங்கியது. எனினும் ஆண்டுதோறும் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். கிழக்குக் கரையும் இதற்கு விலக்கன்று. பழிக்கு அஞ்சி மறைப்பவருக்குக் கையும் காலும் ஊனமாகும் வரை நோய் தெரிவதில்லை. ஒரே சொல்லின் நிழலில், நோயில்லாதவர் ஒதுக்கப்படுகிறார், நோயுள்ளவர் ஒளிந்துகொள்கிறார். திட்டில் உணர்ச்சி குறைந்திருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுவதே அறிவு.

தமிழ்நாட்டில் 'வெண்புள்ளி' என்ற சொல் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. நாமும் அதை எடுத்துக்கொள்வதில் இழப்பு ஒன்றுமில்லை. மருந்தின் விலையைக் குறைக்க நம்மால் இயலாது. ஒரு சொல்லை மாற்ற இயலும்.

மாமி மறைந்து பல ஆண்டுகளாகின்றன. அவருடைய மையித்தைக் குளிப்பாட்டவும் சிலர் தயங்கினார்கள் என்று உம்மா சொன்னார். அந்தத் தயக்கத்துக்குக் காரணமான சொல்லை என் பத்திரிகையில் நானும் பலமுறை எழுதியிருக்கிறேன்.