ஒத்துணர்வுப் பயிற்சியும் கண்டியும்

ஒத்துணர்வு பிறவிக்குணம், அது பயிற்சியால் வாராது என்பார் பலர். உளவளத்துணையின் வரலாறு அதனை மறுக்கின்றது.

1953இல் இலண்டனிற் சாட் வாரா என்னும் பாதிரியார் தற்கொலை நாடுவோர்க்குத் துணைபுரியத் தொடங்கினார். அவரைக் காண வந்தோர் பலர், காத்திருக்கையில் தேநீர் வழங்கிய தொண்டரிடமே மனந்திறந்து ஆறுதலுற்று மீண்டனர். அத்தொண்டர் உளவியல் கற்றோர் அல்லர். செவிமடுத்தலின் வலிமை அங்ஙனம் புலனாயிற்று. 1974இல் ஜோன் டி மெல் அம்மையார் இலங்கையில் நிறுவிய சுமித்திரயோ இவ்வழியையே மேற்கொண்டது. கண்டியிலும் அதற்குக் கிளையுண்டு.

பிறர் அகவுலகைத் தமதே போல் உணர்தல், ஆயின் அந்தப் 'போல்' என்பதை இழவாதிருத்தல்: இது 1957இல் கார்ல் றொஜர்ஸ் ஒத்துணர்வுக்கு வகுத்த இலக்கணம். உவமவுருபின் பயனைத் தமிழ் மாணவர்க்கு விளக்கவேண்டியதில்லை. அவ்வுருபு மறைந்தால் துணைவரும் துயரில் அமிழ்ந்துவிடுவர்.

கண்டியில் மொழியும் இதற்குத் தடையாகும். தெல்தோட்டை, கலகாத் தோட்டங்களின் துயரம் மலையகப் பேச்சுத்தமிழிலேயே வெளிப்படும்; சிங்களம் மட்டும் அறிந்தவர்க்கேயன்றி, ஏட்டுத்தமிழ் மட்டும் அறிந்தவர்க்கும் அது முழுதாய் எட்டாது. லயத்துப் பெண்ணொருத்தி "மனசு சரியில்லீங்க" என்று சொல்லி நிறுத்துவாள். அந்நிறுத்தத்துள் இருப்பது கடனா, கணவனின் குடியா, மகனின் பிரிவா என்று உடனே வினவாது காத்திருப்பதே பயிலுநர்க்கு அரிதாய் அமைவது.