திருவிதாங்கூரில் தீர்க்கதரிசனமும் சோதித்தறிதலும்

தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணலாகாது. எனினும் அனைத்தையும் சோதித்தறிதல் வேண்டும் என்பது தெசலோனிக்கேயர்க்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் நெறி. இவ்விரண்டும் ஒருசேரப் பேணப்படாதவிடத்து நேர்வது யாது என்பதைத் திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த திருவிதாங்கூரின் வரலாறு காட்டுகிறது.

1860-இல் திருநெல்வேலிப் பகுதியில் அருளப்பன் வழி எழுந்த எழுப்புதலில் தீர்க்கதரிசனம் உரைத்தல் சிறப்பிடம் பெற்றது. அவ்வலை 1873-இல் மத்தியத் திருவிதாங்கூரை எட்டியது. ஆங்கு அதனை முன்னெடுத்தவர் வித்துவான் குட்டி எனப்பட்ட யுஸ்துஸ் யோசேப்பு. தமிழ்ப் பிராமணர் குடும்பத்தில் 1835-இல் பிறந்த இவர், 1861-இல் திருமுழுக்குப் பெற்றுச் சர்ச் மிஷன் சங்கத்தின் குருவாகவும் விளங்கினார்.

1875-இல், ஆறு ஆண்டுகளில் கிறிஸ்துவின் மறுவருகை நிகழும் என்னும் அறிவிப்பு எழுந்தது. அதனை ஏற்றோர் தனிச்சபையாயினர். அது யுயோமயம் எனப் பெயர்பெற்றது. 1881 கடந்தது, வருகை நிகழவில்லை. சிலர் பழைய சபைகளுக்குத் திரும்பினர். எஞ்சியோர் அவ்வாக்கிற்கு ஆவிக்குரிய பொருள் கண்டனர்.

நிறைவேறாத சொல் இறைவனுடையதன்று என்பது உபாகமம் பதினெட்டாம் அதிகாரம் தரும் அளவுகோல். ஆயின் அது காலம் கடந்த பின்னரே பயன்படும். காலக்கெடு வருமுன்னரே திருமறையோடும் சபையின் ஓர்மையோடும் ஒப்புநோக்கியிருப்பின் பிளவு நேர்ந்திராது எனக் கருத இடமுண்டு.

எனினும் யோசேப்பு மலையாளத்தில் இயற்றிய கீர்த்தனைகளைக் கேரளத் திருச்சபைகள் இன்றும் பாடுகின்றன. கணிப்பை விலக்கிப் பாடலைப் பேணிய அச்சபைகளின் செயலே, நல்லதைப் பற்றிக்கொள்ளும் உண்மையான கீழ்ப்படிதல் எனலாம்.